துடைக்கிற துணி

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

ரொம்ப யோசிக்க வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம்! ஈரத் துணியால் ஸ்கிரீனில் ஓர் இழுப்பு. கீ போர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு தட்டு. உள்ளேயிருந்து முறுக்குத் தூள், ஓமப்பொடி, குழந்தை எப்போதோ தொலைத்த பென்சில் முனை, செத்த எறும்பு எல்லாம் வந்து விழும். 'சே!' என்று முகம் சுளித்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிடுவோம். அந்தப் பொரியிலும் நாலு மறுபடி கீ போர்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதோடு சரி. மிச்சம் 364 நாளும் அது நம்மிடம் வாங்குவது திட்டு மட்டும்தான். 'சனியன், மறுபடி தொங்கிடுச்சு!'

நானும் உங்கள் கட்சிதான். என் கட்சியை மாற்றியவள் மண்ணூரில் குடியிருக்கிற ஒரு பெண்.

கம்ப்யூட்டர் பற்றி நாலு விஷயம் தெரியும் என்று ஒருதடவை வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் காபிக்கு முன்னால் லேப்டாப்தான் வரும். நண்பர் ஒருவர் மண்ணூரில் வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாமல் போனதால், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன்.

மண்ணூர், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் தண்டலத்தில் உள்ளே திரும்பினால் வரும். பெயரிலேயே மண் இருக்கிற ஊர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் விளைவது காரும் கண்ணாடியும் டிவியும் செல்போனும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி மதில்சுவர்தான். டெல் கம்பெனி 2007-லேயே இந்தப் பகுதியில் கம்ப்யூட்டர் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் மேஜைமேல் இருக்கிற பெட்டிகூட இங்கே பிறந்ததாக இருக்கலாம். தொழிலாளர்களை ஏற்றிய ஷிப்ட் பஸ்கள் ராத்திரியும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மாடி போர்ஷன்களில் நாலு பெண்கள், ஆறு பெண்கள் எனச் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். நண்பர் வீட்டு மாடியிலும் நாலு பேர்.

"சார் கம்ப்யூட்டர்ல புலி" என்று நண்பர் கீழேயிருந்து குரல் கொடுத்ததுதான் தாமதம். ஒரு பெண் லேப்டாப்போடு இறங்கி வந்தாள்.

தென்காசிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் போர்டுகள் பொருத்துகிற ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷமாக வேலை. எந்தக் கம்பெனி என்பது நமக்கு வேண்டாம். கையில் இருந்தது, அவள் 2018-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். தபால் வழியில் பி.காம். படிக்கிறாள். பாடம், குறிப்பு, ஊர்த் திருவிழா போட்டோ எல்லாம் அதில்தான்.

"ஒரு மாசமா ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு சார். டக் டக்னு ஒரு சத்தம் வேற வருது. ரூம்ல எல்லாரும் புதுசு வாங்கிடுங்கிறாங்க. இ.எம்.ஐ. போட்டா மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் வரும்னாங்க. வாங்கிடட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பருத்தித் துப்பட்டாவை வெட்டித் தைத்த உறை. உறைக்குள் மடித்துவைத்த ஒரு சின்ன வெள்ளைத் துணி. பிரித்தால், மூலை முடுக்கில்கூடத் தூசி இல்லை. காற்று வெளியேறுகிற சன்னமான துளைகள்கூடப் பளிச்சென்று இருந்தன. பேட்டரி எப்போதோ படுத்துவிட்டது. கரன்ட் இருந்தால்தான் ஓடும். ஆனால் மூடியில் ஒரு கீறல் கிடையாது. என் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய லேப்டாப் இதைவிடக் கிழடாக இருக்கிறது!

"எப்படிம்மா இவ்ளோ சுத்தமா வச்சிருக்கே?"

"அது லைன்ல வந்த பழக்கம் சார். கையில பட்டை கட்டாம நாங்க போர்டைத் தொடக்கூடாது. தொட்டா மெமோதான்."

அது என்ன பட்டை? நம் உடம்பில் நமக்கே தெரியாமல் நிலை மின்சாரம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நைலான் சட்டையைக் கழற்றும்போது பட்பட் என்று பொறி பறக்குமே, அதுதான். சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் 'சுரீர்' என்று நமக்கே உறைக்கும். ஆனால் போர்டில் இருக்கிற சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். நாம் தொட்டதும் தெரியாது, அது செத்ததும் தெரியாது. அதனால்தான் தொழிற்சாலையில் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து தரைக்கு ஒரு ஒயர். உடம்பில் சேர்வது அப்படியே பூமிக்குப் போய்விடும். தலைக்குத் தொப்பி, தனிச் செருப்பு, தனி மேல்சட்டை எல்லாம் உண்டு.

அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். "ஒரு போர்டு என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேர் கை பட்டு வந்திருக்கும்! நான் அசால்ட்டா தொட்டு வீணாக்கினா அத்தனை பேர் வேலையும் வீணாப் போச்சுல்ல சார்?"

வீடு திரும்புகிற வழியெல்லாம் இந்த ஒரு வாக்கியம் என்னைத் துளைத்துக்கொண்டே வந்தது.

*

ஒரு பொருளிடம் நமக்குக் கடமை என்று ஏதாவது உண்டா?

மனிதரிடம் உண்டு. ஆடு மாடிடம் உண்டு. மரத்திடம்கூட உண்டு என்பீர்கள். ஆனால் ஒரு பெட்டியிடம்? அதற்கு வலிக்கப்போகிறதா? காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். துடைப்போம், துடைக்காமல் இருப்போம். உடைத்தாலும் நம் இஷ்டம். யாருக்கு என்ன நஷ்டம்?

வாதம் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெண் சொன்னது பெட்டியைப் பற்றி அல்ல. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற கைகளைப் பற்றி.

2004-ல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்தக் காலத்து மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று, கூட ஒரு 17 அங்குல மானிட்டர். இவற்றைத் தயாரிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர் செலவாகிறது என்றது. எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 1.8 டன்! இன்றைய லேப்டாப் அதைவிட மெலிசு. கணக்கு மாறியிருக்கும். விஷயம் மாறவில்லை. நீங்கள் முதல்முறையாக ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே அந்தப் பெட்டிக்காக எங்கோ மலை குடைந்தாயிற்று, தண்ணீர் இறைத்தாயிற்று, மண்ணூரில் ஒரு பெண் நைட் ஷிப்ட் பார்த்தாயிற்று.

செலவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இனி நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது நாலு வருஷத்துக்கு உழைக்கப்போகிறதா, பத்து வருஷத்துக்கு உழைக்கப்போகிறதா என்பது.

அதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி வைரஸ் அல்ல, சூடு. உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ளுகிறது. காற்றோடு தூசியும் போய்ப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்கிறது. சூடு ஏறினால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் 'ஸ்லோ ஆயிடுச்சு' என்கிறோம். பாவம், அதற்கு மூச்சு முட்டுகிறது!

ஆகவே லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். அடியில் இருக்கிற துளை அடைபட்டுவிடும். மேஜை இல்லையா? ஒரு பலகை போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்து காற்று அடிப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் அதுவே கெடும். உள்ளே கை வைக்கும் முன் ஜன்னல் கம்பி மாதிரி ஓர் இரும்பைத் தொட்டுவிட்டு வையுங்கள். ஏழைக்கேற்ற பட்டை அது! ஸ்கிரீனில் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள். மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற மருந்து இதற்கு ஆகாது.

மூன்று முனை பிளக்கில் மூன்றாவது முனையை உடைத்துவிட்டுச் சொருகுகிற வித்தகர்களும் நம்மில் உண்டு. அது எர்த். அதற்கு ஒரு வேலை இருக்கிறது. இடி இடிக்கிறபோது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரு யூ.பி.எஸ். அவசியம். அது கரன்ட் போன பிறகு படம் பார்ப்பதற்கு அல்ல, திறந்திருப்பதை முறையாக மூடிவிட்டு நிறுத்துவதற்கு.

*

அடுத்த ஞாயிறு மறுபடி மண்ணூர் போனேன். டக் டக் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம் என்பதால், முதல்முறை வந்தபோதே ஒரு வேலை செய்திருந்தேன். அவளுடைய பாடம், போட்டோ எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, "நான் வர்ற வரைக்கும் இதை ஆன் பண்ணாதேம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஹார்டு டிஸ்க்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் முதல் வேலை வைத்தியம் அல்ல, காப்பி. வைத்தியம் அப்புறம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எஸ்.எஸ்.டி.யும் ராம் ஒன்றும் வாங்கிப் போயிருந்தேன். சுழல்கிற தட்டு இல்லாத டிஸ்க் அது. பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு இதைப் போட்டால் கிழவன் எழுந்து ஓடுவான். புது லேப்டாப் விலையில் ஒரு சின்னப் பங்குதான் செலவு.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் இப்படியே ரிப்பேர் பண்ணிப் பத்து வருஷம் ஓட்டினா, எங்க லைன் ஓடுமா?"

என்ன பதில் சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்தக் கேள்வியின் பயத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒரு சரித்திரமே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் ஆரம்பமானது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால், நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் அந்த வியாபாரத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. பிறகு அந்த இடத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆனால் நடுவில் வேலை இழந்தவர்களுக்கு அந்த வருஷங்கள் திரும்பிவரவில்லை.

நான் சொன்னேன். "அந்தக் கம்பெனி மூடினது ஜனங்க போனைப் பத்திரமா வச்சுக்கிட்டதால இல்லேம்மா. அப்பவும் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு போன் மாத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க. நாம தூக்கிப் போடறது உங்க வேலையைக் காப்பாத்தும்னு ஒண்ணும் உத்தரவாதம் இல்லை. நம்ம ஊர்ல இன்னும் கம்ப்யூட்டரே இல்லாத வீடு எத்தனையோ இருக்கு. அவங்களுக்குச் செஞ்சு கொடுக்கவே லைன் ஓடணும். ரிப்பேரும் ஒரு வேலைதானே?"

அவள் தலையாட்டினாள். முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உண்மையைச் சொல்வதானால் எனக்கும் முழுத் திருப்தி இல்லை. மாதச் சம்பளத்தை நம்பி ஊர் விட்டு ஊர் வந்த பெண்ணிடம் 'வேண்டாததை வாங்காதே' என்று உபதேசம் செய்வது சுலபமில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. நாம் அலட்சியமாகக் கெடுத்துவிட்டு, 'பாரு, அதனால நாலு பேருக்கு வேலை கிடைக்குது' என்று சொல்வது தர்மம் அல்ல. வீட்டில் வேலை செய்கிறவருக்கு வேலை வேண்டும் என்பதற்காக யாராவது வேண்டுமென்றே குப்பை போடுவார்களா?

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுவது, பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டிவிடுவது, உதிரிபாகம் கொடுக்காமல் இழுத்தடிப்பது என்று எத்தனையோ. அதனால்தான் உலகம் முழுக்கப் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பேச்சு எழுந்திருக்கிறது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24-ல் அதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாங்கும்போதே 'இதைத் திறக்க முடியுமா? ராம் கூட்ட முடியுமா? பேட்டரி மாற்ற முடியுமா?' என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனது. புது விண்டோஸ் ஏற்காத பழைய கம்ப்யூட்டர்கள் ஏராளம். அவ்வளவுதான், குப்பை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லினக்ஸ் இலவசம். கடிதம் எழுத, படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க அது தாராளமாகப் போதும்.

*

டக் டக் சத்தம் எனக்குப் பழக்கம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2009-ல் என் அம்மாவை உட்காரவைத்து, அவள் பேச்சை ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தேன். சின்ன வயசுக் கதை, வத்தக்குழம்பு வைக்கிற விதம், நடுவில் தாலாட்டு ஒன்று. எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. 2011-ல் அம்மா போய்விட்டாள். அடுத்த வருஷம் ஒருநாள் கம்ப்யூட்டரில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. 'ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்' என்று இரண்டு ஞாயிறுகளைத் தள்ளினேன். மூன்றாவது ஞாயிறு அது எழுந்திருக்கவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். "உள்ளே தட்டு கீறிடுச்சு சார். ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார்கள்.

எனக்காவது அது என் அலட்சியத்துக்குத் தண்டனை. வெளிநாட்டில் இருக்கிற அக்கா என்ன தப்பு செய்தாள்? "அம்மா குரல் வச்சிருக்கேன்னு சொன்னியே, எனக்கு அனுப்புடா" என்று போனில் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்குத்தான் புரிந்தது. என் கம்ப்யூட்டரில் இருந்தது எல்லாம் என்னுடையது அல்ல. உங்கள் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். அதில் உங்கள் மனைவியின் கல்யாண ஆல்பம் இருக்கிறது. மகளின் முதல் நடை இருக்கிறது. இன்னும் பிறக்காத பேரன் பார்க்க வேண்டிய தாத்தா முகம் இருக்கிறது. நீங்கள் அதற்குச் சொந்தக்காரர் இல்லை, காவல்காரர். காவல்காரர் தூங்கலாமா?

வழி ரொம்பச் சுலபம். முக்கியமானதற்கு மூன்று பிரதி. அதில் இரண்டு வெவ்வேறு சாதனங்களில். ஒன்று வீட்டுக்கு வெளியே, அது இணையத்திலும் இருக்கலாம், தம்பி வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், அமாவாசை மாதிரி. பிரதி எடுத்தால் மட்டும் போதாது, எப்போதாவது திறந்தும் பாருங்கள். பூட்டியே வைத்த பெட்டிக்குள் கரையான் இருந்தால் யாருக்குத் தெரியும்?

வீட்டில் ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். அது சந்தேகம் அல்ல, மரியாதை. பையன் எதையோ டவுன்லோடு செய்து அப்பாவின் கணக்கு வழக்கெல்லாம் போகிற ஆபத்தும் குறையும். இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் சங்கடமான விஷயம். முக்கியமான பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கிற இடத்தைச் சொல்லிவையுங்கள். திடீரென்று நமக்கு ஒன்று ஆகிவிட்டால், துக்கத்தோடு துக்கமாக அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நம் பிறந்த தேதியையும் சாமி பெயரையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

*

"பொருள்மேல் இத்தனை பற்று கூடாது சார்" என்று உங்களில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது.

என் தாத்தாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. தினமும் சாயங்காலம் வந்ததும் திண்ணை ஓரம் நிறுத்தி, துணி எடுத்து ரிம், கம்பி, மட்கார்டு என்று ஒவ்வொன்றாகத் துடைப்பார். செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அப்புறம்தான் காபி. ஆனால் தெருவில் யார் வந்து கேட்டாலும், "எடுத்துட்டுப் போ, பிரேக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பார்த்துப் பிடி" என்று கொடுத்துவிடுவார். எதிர்வீட்டுக்காரரிடமும் சைக்கிள் இருந்தது. துரு ஏறிக் கிடக்கும். யாருக்கும் தரமாட்டார்.

யாருக்குப் பற்று அதிகம்?

பற்று வேறு, பராமரிப்பு வேறு. பற்று உள்ளவன் கையை மூடிக்கொள்வான். பராமரிக்கிறவன் எப்போது வேண்டுமானாலும் இன்னொருவர் கையில் கொடுக்கத் தயாராக இருப்பான். ஏனென்றால் அது கொடுக்கிற நிலையில் இருக்கும்! நம் வீட்டுப் பரணை நினைத்துப் பாருங்கள். ஒரு செத்த மானிட்டர், இரண்டு கீ போர்டு, எதற்கென்றே தெரியாத ஒயர் ஒரு மூட்டை. உபயோகிக்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். அதுதான் பற்று. அந்த மானிட்டரை வாங்கிய புதிதில் யாருக்காவது கொடுத்திருந்தால் ஒரு பிள்ளை படித்திருக்கும்.

அப்படியே கிடந்து கிடந்து ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோமே, அங்கே ஆரம்பிக்கிறது அடுத்த கதை. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் கழித்துக்கட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது? ஏதோ ஒரு ஊரின் சந்தில், யாரோ ஒருவர் கையுறைகூட இல்லாமல் செம்புக்காக ஒயரை எரிக்கிறார். துளித் தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் முக்குகிறார். புகை அவர் நெஞ்சுக்குப் போகிறது. ஈயம் மண்ணுக்குப் போகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரே போர்டு. அது பிறக்கிறபோது ஒரு பெண் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, பூவைத் தொடுகிற மாதிரி தொட்டாள். அது சாகிறபோது ஒருவர் வெறுங்கையால் அதை நெருப்பில் போடுகிறார். நடுவில் அது நம் வீட்டில் இருந்தது.

அந்தக் கடைசி ஆளும் நமக்குப் பட்டவர்தான். முதலில், ஓடுகிற நிலையில் இருந்தால் ஓடும்போதே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, உள்ளே இருப்பதை முழுசாக அழியுங்கள். குப்பைத்தொட்டியில் தள்ளிக் காலி செய்தால் மட்டும் போதாது. மீட்கிறவர்கள் மீட்டுவிடுவார்கள். நிஜமாகவே செத்துப்போயிருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். தயாரித்த கம்பெனியையும் கேட்கலாம். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பை அவர்கள் தலையிலும் வைத்திருக்கின்றன. பேட்டரி உப்பியிருந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையோடு போடாதீர்கள். தீப்பிடிக்கும்.

*

மண்ணூர் மாடியில் ஸ்க்ரூ டிரைவரோடு நான் நின்றதில் விட்டுவிட்டேன், இல்லையா?

அந்தப் பெண் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "நானே பண்றேன் சார்."

எழுந்துபோய் ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் அந்த வெள்ளைத் துணிமேல் வைத்தாள். பழைய டிஸ்க்கை எடுத்து, புதியதைச் சொருகி, ராமை ஒரு சின்னச் சத்தத்தோடு அமுக்கினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அறைத் தோழிகள் மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் எத்தனையோ போர்டு பார்க்கிறேன் சார். என்னோடதை நான் திறந்து பார்க்கிறது இதுதான் முதல் தடவை" என்றாள்.

பிறகு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டோம். ஸ்விட்சைப் போட்டதும் அரை நிமிஷத்துக்குள் திரை விரிந்தது. இ.எம்.ஐ. வேண்டாம் என்று முடிவாயிற்று. சுழல்கிற பழைய டிஸ்க்கை நான் வாங்கிக்கொண்டேன், சரியான இடத்தில் சேர்ப்பதற்காக. கிளம்புகிறபோது திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பை மூடி, அந்தத் துணியை எடுத்து மேலே ஒரு துடை துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

அடுத்த ஆயுத பூஜை வர இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்காதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் ஒரு துணியை எடுங்கள். துடைக்கும்போது, முன்பின் பார்த்திராத அந்த மண்ணூர்ப் பெண்ணை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

துடைத்து முடித்த கையோடு, அம்மாவின் போட்டோவுக்கு இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.